பம்பிங் 25 என்று வந்த டிசிஎம் நோயாளி: வீட்டாருக்கு என்ன சொல்வது, முதல் ஆறு மாதம் எதைக் கவனிப்பது?

பல்லடம் மருந்தாளுநர்

வணக்கமுங்க. டைலேட்டட் கார்டியோமயோபதி (டிசிஎம், இதயத் தசை தளர்ந்து அறை விரியும் நோய்) என்று எழுதிய சீட்டு கடைக்கு அடிக்கடி வருகிறது. மாத்திரையை எண்ணிக் கொடுப்பது சுலபம், வீட்டாட்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் பெரும்பாடு. அதனால் ஒரு மாதிரி நோயாளியை வைத்துக் கேட்கிறேன்.

வயது 44, விசைத்தறி வேலை. சில மாதமாகவே படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, படுத்தால் இருமல், ரெண்டு மூணு தலகாணி வைத்தால்தான் தூக்கம். தறிப்பட்டறைப் பஞ்சுத் தூசி என்று நினைத்து இருமல் டானிக் குடித்திருப்பார். கால் வீங்கி, வயிறு உப்பி, சோறு இறங்காமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரி. ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை. எக்கோவில் இடது கீழறை விரியும்போது 6.8 செ.மீ., சுருங்கும்போது 6.0, பம்பிங் (ஒரு துடிப்பில் வெளியே போகும் ரத்தத்தின் பங்கு) 25 சதவீதம், மைட்ரல் வால்வு லீக் மிதம், டேப்சி (வலது கீழறையின் அளவீடு) 14, ரத்தக்கட்டி இல்லை. ஈசிஜியில் லெஃப்ட் பண்டில் பிளாக் (இடப்பக்க மின்பாதையில் தடை), கியூஆர்எஸ் (கீழறைகளில் மின்துடிப்பு பரவும் நேரம்) 156. பிரஷர் 100/70, நாடி 92, கிரியேட்டினின் 1.1, பொட்டாசியம் 4.4.

சீட்டு: சாக்குபிட்ரில்-வல்சார்டன் 50 ரெண்டு வேளை, கார்வெடிலால் 3.125 ரெண்டு வேளை, ஸ்பைரோனோலாக்டோன் 25, டாபாக்லிஃப்ளோசின் 10, நீர் மாத்திரையான டார்செமைட் 20.

அவர்கள் கேட்பது: 75 சதவீதம் போயிடுச்சா, எத்தனை வருசம் தாங்குவார்? பிரஷரே 100தான், அப்புறம் எதுக்கு இத்தனை பிரஷர் மாத்திரை? எப்ப நிறுத்தலாம்? குழந்தைகளுக்கும் வருமா?

எக்கோ அறை, கோவை

முதலில் அந்த 75 கணக்கை உடைச்சிருங்க. நல்ல இதயமே உள்ளே வந்த ரத்தத்தை முழுசாக வெளியே தள்ளாது. ஒரு துடிப்புக்கு 55 முதல் 70 சதவீதம்தான் போகும். ஆக 25 என்பது இருக்க வேண்டியதில் பாதிக்குச் சற்றுக் குறைவு. நூற்றுக்கு 25 மார்க் என்று படிப்பதால்தான் வீட்டில் அழுகை.

எண்ணையும் ரொம்ப நம்ப வேண்டாம். அளக்கும் கை மாறினாலே ஐந்து புள்ளி ஏறி இறங்கும். 25 இருந்தது 28 ஆனால் தேறிவிட்டது என்றோ, 30 இருந்தது 27 ஆனால் மோசம் என்றோ முடிவு கட்டக்கூடாது. முடிந்தவரை அதே இடத்தில், அதே முறையில் திரும்ப எடுங்க. பழைய ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டு வரச் சொல்லுங்க.

அறை அளவு விரியும்போது ஆண்களுக்கு 5.8, பெண்களுக்கு 5.2 செ.மீ. வரை இயல்பு. 6.8 என்பது நன்றாகவே விரிந்திருக்கிறது. லீக் இருக்கிறது என்றதும் வால்வு ஆபரேஷனா என்று பதறுவார்கள். இங்கே வால்வு கெடவில்லை. அறை விரிந்ததால் வால்வைப் பிடித்திருக்கும் நாண்கள் இழுபட்டு, இதழ்கள் சரியாக ஒட்டாமல் கசிகிறது. மருந்தில் அறை சுருங்கினால் பெரும்பாலும் லீக்கும் குறையும்.

எல்லோரும் பம்பிங்கையே பார்க்கிறார்கள். எனக்கு உறுத்துவது அந்த டேப்சி 14. அது வலது கீழறையின் வேலை, 17-க்குக் கீழே போனால் குறைவு. வலதும் சேர்ந்து தளர்ந்தவர்களுக்குத்தான் வயிறு உப்பசம், ஈரல் வீக்கம், பசியின்மை எல்லாம் கூடுதலாக வரும். அடுத்த எக்கோவில் பம்பிங் 30 ஆகி டேப்சி 18 ஆகியிருந்தால், அந்த இரண்டாவது எண் எனக்குக் கூடுதல் நிம்மதி.

ஈரோடு கார்டியாலஜி

எத்தனை வருசம் என்ற கேள்விக்கு இன்றைய எக்கோவை வைத்துப் பதில் சொல்லாதீங்க. டிசிஎம்மில் முதல் நாள் பம்பிங்கைவிட, மருந்து ஏற்றிய பிறகு மூன்றாவது, ஆறாவது மாதத்தில் வரும் பம்பிங்தான் ஆளின் போக்கைக் காட்டும். 1980-களுக்கு முன் இந்த நோய் வந்தவர்களில் பாதிப்பேர் ஐந்து வருடத்தில் இறந்தார்கள். இப்போது முழு மருந்தும் எடுப்பவர்களில் பெரும்பாலோர் அதைத் தாண்டி இருக்கிறார்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் இரண்டு வருடத்துக்குள் அறை சுருங்கி பம்பிங் கணிசமாக ஏறுகிறது.

நம்ம பக்கத்து நிலவரம் அவ்வளவு அழகில்லை என்பதும் உண்மை. 2013-இல் திருவனந்தபுரத்தில் இதயச் செயலிழப்போடு அட்மிட் ஆன 1,205 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஐந்து வருடத்தில் பாதிக்கும் மேற்பட்டோர் இல்லை. அதில் பெரும்பகுதி அடைப்பால் வந்த நோய், வயதும் சராசரி அறுபதைத் தாண்டியது, அதனால் 44 வயது டிசிஎம்முக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்தக்கூடாது. ஆனால் பம்பிங் குறைந்தவர்களில் கால்வாசிப் பேர்தான் வீட்டுக்குப் போகும்போது எழுத வேண்டிய மருந்தெல்லாம் வாங்கிப் போனார்கள் என்பதையும் சேர்த்துப் படிங்க.

தேறும் ஆள் எப்படி இருப்பார்: நோய் வந்து கொஞ்ச மாதம்தான் ஆகியிருக்கும், காரணம் நீக்கக்கூடியதாக இருக்கும் (குடி, வேகமாக ஓடும் நாடி, தைராய்டு, பிரசவம்), பிரஷர் ஓரளவு இருக்கும், எம்ஆர்ஐயில் இதயத் தசையில் தழும்பு இருக்காது. தேறாத ஆள்: வலது அறையும் தளர்ந்திருக்கும், சோடியம் 135-க்குக் கீழே நிற்கும், கிரியேட்டினின் ஏறிக்கொண்டே போகும், மருந்தைக் கூட்டினால் பிரஷர் தாங்காது, வருடத்துக்கு இரண்டு முறை அட்மிஷன். நீர் மாத்திரையை ஏற்றிக்கொண்டே போக வேண்டியிருந்தால் அது கெட்ட சகுனம். அப்படிப்பட்டவரை மாற்று இதயம் செய்யும் மையத்துக்குச் சீக்கிரமே காட்ட வேண்டும், சிறுநீரகமும் ஈரலும் கெட்ட பிறகு அனுப்பிப் பயனில்லை.

இனி மாத்திரை. டார்செமைட் தவிர்த்த நாலும் பிரஷருக்காகக் கொடுப்பதல்ல. இதயம் தளர்ந்ததும் உடம்பு அட்ரினலினையும் உப்பைப் பிடித்து வைக்கும் ஹார்மோன்களையும் கூட்டுகிறது. முதலில் தாங்கிப் பிடித்தாலும் அதுவே நாளடைவில் தசையைக் கெடுத்து அறையை விரிக்கிறது. அந்தத் தூண்டுதலை அடக்கத்தான் இவற்றில் பெரும்பாலானவை. பிரஷர் 90/60 இருந்து, தலைசுற்றல் இல்லை, சிறுநீர் நன்றாகப் போகிறது என்றால் குறைக்கத் தேவையில்லை. எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது நீர் மாத்திரையை. வீக்கம் வடிந்த பிறகும் அட்மிஷன் டோஸிலேயே டார்செமைட் ஓடிக்கொண்டிருக்கும். டாக்டரிடம் கேட்டு அதைக் குறைத்தாலே பாதிப் பேருக்குச் சரியாகும். அப்புறம் சாக்குபிட்ரிலையும் கார்வெடிலாலையும் இரண்டு மணி நேரம் தள்ளிப் போடச் சொல்லலாம். கார்வெடிலால் சாப்பாட்டோடுதான், வெறும் வயிற்றில் போட்டால் சரசரவென்று உறிஞ்சப்பட்டுப் பிரஷர் இறங்கும்.

நான் பார்க்கும் பெரிய கோளாறு இதுதான்: 3.125 என்று ஆரம்பித்த கார்வெடிலால் ஒரு வருடம் கழித்தும் 3.125-லேயே நிற்கும். அது ருசி காட்டும் டோஸ். வீக்கம் வடிந்த பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்கி 6.25, 12.5, 25 என்று ரெண்டு வேளைக்கும் கொண்டு போக வேண்டும், 85 கிலோவுக்கு மேல் இருந்தால் 50 வரை. சாக்குபிட்ரிலும் 50, 100, 200. கார்வெடிலாலைக் கூட்டிய வாரத்தில் சோர்வு கொஞ்சம் கூடும், அது பயப்பட வேண்டியதில்லை. ஆனால் எடை ஏறி மூச்சு வாங்கினால் கூட்டியதை நிறுத்தி வைத்து முதலில் நீரை வடிக்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆன இரண்டு வாரத்துக்குள் முழு டோஸுக்குக் கொண்டு போக முயன்று, அடிக்கடி பரிசோதித்து வந்தால் மறு அட்மிஷனும் சாவும் குறைகிறது என்று 2022-இல் வந்த ஸ்ட்ராங்-எச்எஃப் ஆய்வு காட்டியது. நம்ம ஊரில் அந்த வேகம் எல்லோருக்கும் முடியாது. ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் முடித்தாலே புண்ணியம்.

கடைக்காரர் என்ற முறையில் உங்கள் கண்ணில்தான் இது படும்: முன்பு எனாலாப்ரில், ராமிப்ரில் சாப்பிட்டவர் சாக்குபிட்ரிலுக்கு மாறினால் நடுவில் 36 மணி நேரம் இடைவெளி கட்டாயம். வீட்டில் பழைய பட்டை மிச்சம் இருக்கிறதே என்று இரண்டையும் சேர்த்து விழுங்கினால் முகம், நாக்கு, தொண்டை வீங்கி மூச்சடைக்கலாம். புதுச் சீட்டு வரும்போது பழைய பையை வாங்கிப் பாருங்க.

காங்கயம் செவிலியர்

வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்லிடறேனுங்க. எடை பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கச் சொல்லுங்க, மாத்திரைக்கு அடுத்த செலவு அதுதான். காலையில் சிறுநீர், மலம் கழித்த பிறகு, காப்பி குடிக்கும் முன்பு, அதே மாதிரி உடுப்பில் ஏறி நிற்க வேண்டும். காலண்டரில் தேதிக்கு நேராக எழுதி வைக்கட்டும். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர். கால் வீங்கும்வரை காத்திருக்காமல் அன்றே போன் செய்ய வேண்டும்.

உப்பு ஒரு நாளைக்கு மொத்தம் ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராமுக்குள். "நாங்க சாப்பாட்டுல உப்பே போடறதில்லீங்க" என்பார்கள். ஆனால் அரிசிம்பருப்பு சாதத்துக்குத் தொட்டுக்க ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் இருக்கும். கருவாடும் அப்படித்தான். வயிறு உப்புசத்துக்குச் சோடா உப்பு, கரையும் உப்புப் பவுடர் குடிப்பதும் சோடியம்தான், அதைக் கேட்டால்தான் சொல்வார்கள்.

தண்ணீர் ஒன்றரை லிட்டர் என்று எழுதியிருந்தால் அது வீக்கம் இருக்கும் காலத்துக்கு. சித்திரை, வைகாசியில் ஈரோடு, கரூர் வெயிலில் தறிக்கூடத்துக்குள் வியர்த்துக் கொட்டுபவருக்கு அதே அளவு, அதே நீர் மாத்திரை என்றால் மயங்கி விழுவார். வெயில் காலத்தில் எடை இறங்கிக்கொண்டே போனாலும் சொல்ல வேண்டும். வாந்தி, பேதி ஆகி சாப்பாடு இறங்காத நாளில் டாபாக்லிஃப்ளோசின், ஸ்பைரோனோலாக்டோன், டார்செமைட், சாக்குபிட்ரில் இவற்றை நிறுத்தி வைப்பதா என்று அன்றே டாக்டரைக் கேட்கணும். கார்வெடிலாலைத் தானாகப் பட்டென்று நிறுத்தக்கூடாது.

இன்னொன்று, அண்ணா, உங்க தொழில் சம்பந்தப்பட்டது. இடுப்பு வலி, மூட்டு வலிக்குக் கடைகளில் பிரித்துக் கொடுக்கும் "செட்" மாத்திரை. அதில் டைக்ளோஃபெனாக்கோ அசிக்ளோஃபெனாக்கோ இருக்கும், பல நேரம் ஸ்டீராய்டும் இருக்கும். ரெண்டுமே உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும். நாலு நாள் செட் போட்டுவிட்டு அஞ்சாவது நாள் மூச்சு வாங்கி வருபவர்கள் உண்டு. இவர்களுக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுங்க.

நொய்யல்கரை

பம்பிங் 50 தாண்டி, அறையும் சுருங்கிவிட்டால் படிப்படியாக மாத்திரையைக் குறைத்து நிறுத்தலாம்தானே? நார்மல் ஆனவருக்கு எதற்கு ஆயுள் முழுக்க?

ஈரோடு கார்டியாலஜி

கூடாதுங்க. இதை நேராகவே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 2019-இல் வெளியான ட்ரெட்-எச்எஃப் ஆய்வில் டிசிஎம் வந்து முழுசாகத் தேறிய 51 பேர். அறிகுறி இல்லை, பம்பிங் 50-க்கு மேல், அறை அளவும் இயல்பு. பாதிப் பேருக்கு மருந்தை மெல்ல நிறுத்தினார்கள். ஆறே மாதத்தில் அதில் 44 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது, மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஒருவருக்கும் திரும்பவில்லை. அது குணம் ஆனதல்ல, அடங்கி இருப்பது. நீர் மாத்திரையை மட்டும் நிறுத்த முடியும், அதுவும் எடையைப் பார்த்துக்கொண்டு.

செலவு தாங்காமல் நிறுத்துபவர்கள்தான் நம்மிடம் அதிகம். டாபாக்லிஃப்ளோசினுக்கு 2020-இலும் சாக்குபிட்ரில்-வல்சார்டனுக்கு 2023-இலும் இந்தியக் காப்புரிமை முடிந்து பல கம்பெனி மாத்திரை வந்துவிட்டது. பிராண்டுக்குப் பிராண்டு விலை பல மடங்கு வித்தியாசம். அதே மூலக்கூறில் மலிவானதை டாக்டரிடம் கேட்டு மாற்றிக் கொடுங்க, அதற்கும் வழியில்லை என்றால் சாக்குபிட்ரிலுக்குப் பதில் எனாலாப்ரிலாவது ஓடட்டும். நாலில் ஒன்றை விட்டுவிடுவதைவிட மலிவான நாலு மேல்.

பேஸ்மேக்கர், ஷாக் கருவி (ஆபத்தான துடிப்பு வந்தால் ஷாக் கொடுத்து நிறுத்துவது) பற்றியும் கேட்பார்கள். முழு டோஸ் மருந்து மூன்று மாதமாவது ஓடிய பிறகும் பம்பிங் 35 அல்லது அதற்குக் கீழே நின்றால்தான் அந்தப் பேச்சு. உங்கள் மாதிரி நோயாளிக்கு லெஃப்ட் பண்டில் பிளாக், கியூஆர்எஸ் 150-க்கு மேல் இருப்பதால் சிஆர்டி என்ற மூன்று வயர் பேஸ்மேக்கர் நன்றாக வேலை செய்ய வாய்ப்புள்ள கூட்டத்தில் வருகிறார், இடது அறையின் இரு பக்கமும் ஒன்றாகத் துடிக்க அது உதவும். ஷாக் கருவி தனியாக எல்லோருக்கும் ஆயுளைக் கூட்டவில்லை என்று 2016-இல் டேனிஷ் ஆய்வு காட்டியது, ஆனாலும் வயது குறைந்தவர்களுக்குப் பலன் தெரிந்தது. எம்ஆர்ஐயில் தசை நடுவே தழும்பு, காரணமில்லாத மயக்கம், ஹோல்டரில் (நாள் முழுக்க மாட்டியிருக்கும் ஈசிஜி) வேகத் துடிப்பு ஓட்டம் இதெல்லாம் இருந்தால் தள்ளிப் போடக்கூடாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எது வரும் என்பதை ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

மரபணு ஆலோசனை, கோவை

குழந்தைகளுக்கு வருமா என்பதற்கு: டிசிஎம்மில் கணிசமானவை குடும்ப வழி வருபவை. பெரும்பாலும் பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதனால் அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு ஈசிஜி, ஒரு எக்கோ. முதலில் நார்மல் என்றாலும் சில வருடத்துக்கு ஒருமுறை திரும்ப எடுக்க வேண்டும், நாற்பதுக்கு மேல் தலைகாட்டுவதும் உண்டு.

குடும்ப வரலாறு கேட்கும்போது நம்ம பக்கம் ஒரு வழுக்கல் இருக்கிறது. "உங்க குடும்பத்துல யாருக்காச்சும்?" என்றால் பங்காளிகளை மட்டும் நினைத்துப் பார்த்து இல்லை என்பார்கள். மரபணு குலம், கூட்டம் பார்த்து வருவதில்லை. அம்மிச்சி, அப்பிச்சி, தாய்மாமன், கட்டிக்கொடுத்த அத்தையின் பிள்ளைகள் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இதய நோய் என்று கேட்காமல், "நாப்பதுக்குள்ள திடீர்னு போனவங்க யாராவது? பேஸ்மேக்கர் வச்சவங்க?" என்று கேளுங்க. பம்பிங் சுமாராகக் குறைந்து, கூடவே நாடி மெதுவாகும் பிளாக்கும் இருந்தால் லாமின் என்ற மரபணுவில் கோளாறோ என்று சந்தேகம் வரும். அதில் பம்பிங் 35-க்கு இறங்கும் முன்பே ஆபத்தான துடிப்பு வரலாம், அதனால் ஷாக் கருவியை முன்னாலேயே யோசிப்பார்கள்.

நம் நாட்டவரிடம் இதயத் தசைப் புரதத்துக்கான எம்ஒய்பிபிசி3 மரபணுவில் 25 எழுத்து விடுபட்ட மாற்றம் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருப்பதாக 2009-இல் வெளியான ஆய்வு சொன்னது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாருக்கும் அதில் பங்குண்டு. ரிப்போர்ட்டில் அது மட்டும் வந்தால் பதற வேண்டாம். சுமப்பவர்கள் எல்லோருக்கும் நோய் வருவதில்லை, எக்கோவோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

குடியைப் பற்றிக் கேட்க விட்டுவிட்டீர்கள். 80 கிராம் ஆல்கஹால் தினமும், ஐந்து வருடத்துக்கு மேல் என்பது வழக்கமாகச் சொல்லும் எல்லை. 42.8 சதவீதச் சரக்கில் 180 மில்லி குவார்ட்டருக்குச் சுமார் 60 கிராம். ஆக ஒன்றரை குவார்ட்டரே எல்லையைத் தாண்டிவிடும். "அளவாத்தான் குடிப்பாருங்க" என்பதை மில்லியாக மாற்றிக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். முழுசாக விட்டவர்களுக்குப் பம்பிங் நன்றாக ஏறுவதுண்டு. குடிதான் காரணம் என்று எழுதிவிட்டு வீட்டாரைப் பரிசோதிக்காமல் விடுவதும் தப்பு, அடியில் மரபணுக் கோளாறு இருந்து குடி அதை வெளியே கொண்டுவந்திருக்கலாம்.

கோபி மகப்பேறு செவிலியர்

பெண்களுக்கு ஒரு சேதி. நிறைமாதத்தின் கடைசியிலிருந்து பிரசவமாகி ஐந்து மாதம் வரை வரும் மூச்சு வாங்கலைப் பிள்ளை பெத்த பலவீனம் என்று தள்ளிவிடுகிறார்கள். படுத்தால் இருமல், எழுந்து உட்கார்ந்தால் சுகம் என்றால் அன்றே எக்கோ. தேறும் விகிதம் மற்ற டிசிஎம்மைவிட நன்றாகவே இருக்கும், ஆனால் அடுத்த கர்ப்பம் ஆபத்து, பம்பிங் நார்மல் ஆனவர்களுக்கும் திரும்பலாம். எந்தக் காரணத்தால் வந்த டிசிஎம் ஆனாலும், சாக்குபிட்ரில், எனாலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடும் பெண்ணுக்கு நாள் தள்ளிப் போனால் அன்றே டாக்டரிடம் அனுப்புங்க. அந்த மருந்துகள் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது.

பல்லடம் மருந்தாளுநர்

ரொம்ப நன்றிங்க. இன்னும் ரெண்டு. தறிக்கு எப்போது திரும்பலாம்? அப்புறம், பொள்ளாச்சிப் பக்கத்து ஒறம்பரை (உறவுக்காரர்கள்) ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வரும்போதே ஒரு குலை இளநீர் இறக்குகிறார்கள். "இதயத்துக்கு நல்லது" என்று தினம் ரெண்டு. கொடுக்கலாமா?

ஈரோடு கார்டியாலஜி

படுத்தால் மூச்சு வாங்காமல், எடை ஒரே அளவில் நின்று, சமதளத்தில் அரை மணி நேரம் நடக்க முடிந்தால் தறி ஓட்டுவது போன்ற வேலைக்குப் படிப்படியாகப் போகலாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு பாவு பீம் (பாவு நூல் சுற்றிய உருளை) தூக்குவது வேண்டாம். எப்போதாவது மயக்கம் வந்திருந்தால் அது தெளிவாகும்வரை ஓடும் மெஷின் பக்கமோ வண்டி ஓட்டவோ விடக்கூடாது.

இளநீர் இவருக்கு வேண்டாம். 250 மில்லியில் 500, 600 மி.கி. பொட்டாசியம் இருக்கும், பொள்ளாச்சிக் காயில் தண்ணீர் அதைவிட எச்சாகவே இருக்கும். ஸ்பைரோனோலாக்டோனும் சாக்குபிட்ரிலும் பொட்டாசியத்தை உடம்பில் தேக்குபவை. "லோ சோடியம்" என்று விற்கும் உப்பிலும் ஒரு பகுதி பொட்டாசியம் குளோரைடுதான், உப்பைக் குறைக்கிறோம் என்று அதை வாங்கிவிடுவார்கள். இந்த இரண்டு மாத்திரையையும் ஆரம்பித்த, கூட்டிய ஒன்று இரண்டு வாரத்தில் பொட்டாசியமும் கிரியேட்டினினும், நாலாவது வாரம் திரும்பவும். கிரியேட்டினின் 30 சதவீதம்வரை ஏறுவதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொட்டாசியம் 5.5 தாண்டினால் ஸ்பைரோனோலாக்டோனைப் பாதியாக்கி ஒரு வாரத்தில் திரும்பப் பாருங்க. 6 தாண்டினால் நிறுத்திவிட்டு அன்றைக்கே ஈசிஜி எடுக்க அனுப்புங்க, மறுநாள் காலை ஓபி வரட்டும் என்று விடாதீங்க.